கண்ணாடிக்குள் கடல்: நீர் கெடும்போது



வீட்டுக் கூடத்தில் மீன்தொட்டி வைத்துக்கொள்வது நம்மில் பலருக்குப் பழகிய வழக்கந்தான். பொன்மீன் முதலியவை நன்னீரில் வாழ்பவை. வளர்ப்போர் செய்யும் சிறு பிழைகளைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். கடல் மீன் அவ்வாறு பொறுப்பதில்லை. மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் சிலருடைய இல்லங்களில் இப்பொழுது கடல்நீர்த் தொட்டிகளும் இடம் பெற்றுவிட்டன. வெள்ளைப் பட்டை அணிந்த கோமாளி மீன், கடற்சாமந்தியின் விரல்களுக்கிடையே புகுந்து புறப்படும் காட்சி, அலுவலகத்திலிருந்து களைத்து வருபவருக்குப் பெரிய ஆறுதல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நீர் ஒரே இரவில் கெட்டுவிடக் கூடும். மாலையில் பளிங்குபோல் இருந்தது, காலையில் பால் கலந்தாற்போல் வெளுத்துக் கிடக்கும். மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். அந்நேரத்தில் என்ன செய்வது, அதைவிட முக்கியமாக என்ன செய்யாதிருப்பது என்பதுபற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

1909-ஆம் ஆண்டு சென்னை மெரினாவில் ஒரு மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. 1951-இல் அன்றைய பம்பாயின் கடற்கரைச் சாலையில் தாராபோர்வாலா காட்சிச்சாலை எழுந்தது. இவ்விரண்டிற்கும் கடல் வாயிற்படியிலேயே இருந்தது. நம் வீட்டுத் தொட்டிக்கோ, உள்ளே இருக்கும் இருநூறு லிட்டர் நீரே முழுக் கடலும். அதில் விழும் அழுக்கு கரைந்து மறைய வேறிடம் கிடையாது.

மீன்கள் தம் உடற்கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகின்றன. தின்னாது விட்ட இரையும், செத்த பிராணியும் அழுகினாலும் அதே அமோனியாதான் உண்டாகிறது. நஞ்சாகிய இப்பொருளை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றிக் கேட்டைத் தணிக்கிறது. இவை கண்ணுக்குத் தெரியாமல் கற்களிலும் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டி வாழ்கின்றன. புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். தொட்டியில் நாம் வளர்ப்பது மீன்களை மட்டும் என்று எண்ணுகிறோம். உண்மையில் நாம் முதலில் வளர்ப்பது இந்த நுண்ணுயிர்களைத்தான். மீன்கள் அவற்றின் தயவில் குடியிருப்பவை.

கடல்நீரில் இக்கேடு கடுமையாவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அமோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கும். ஒன்று கொடிய நஞ்சு, மற்றொன்று அத்துணைத் தீங்கற்றது. நீரில் காரத்தன்மை ஏற ஏற நச்சு வடிவத்தின் பங்கும் ஏறும். பி.எச். என்னும் அளவு 7 ஆக உள்ள நன்னீரோடு ஒப்பிட்டால், 8.2 அளவுள்ள கடல்நீரில் அப்பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிவிடுகிறது. மற்றொரு காரணம் பிராணவாயு. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் எட்டு மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும். அதே வெப்பத்தில் கடல்நீர் ஏழு மில்லிகிராமைக்கூட எட்டுவதில்லை. வெப்பம் கூடினால் இன்னும் குறையும். டில்லியின் மே மாதத்தை நினைத்துப் பாருங்கள்.

இனி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மாதுங்காவில் வசிக்கிறார்கள், பொங்கலுக்குப் பத்து நாள் திருநெல்வேலிக்குப் போகிறார்கள். எதிர்வீட்டுப் பையனிடம் இரைப் புட்டியைக் கொடுத்து, "தம்பி, தினமும் கொஞ்சம் போடப்பா" என்று சொல்லிவிட்டு ரயிலேறுகிறார்கள். பையனுக்கு மீன்மேல் ஆசை. மீன் வாயைத் திறக்குந்தோறும் பசி என்று எண்ணி அள்ளிப் போடுகிறான். திரும்பி வந்து கதவைத் திறந்தால் தொட்டி வெளுத்திருக்கிறது, நாற்றம் வேறு. பெட்டிகளைக்கூட உள்ளே வைக்காமல் வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? நீர் முழுவதையும் இறைத்துக் கொட்டுகிறார். கற்களையும் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவுகிறார். புது உப்பைக் கரைத்து ஊற்றி, மீன்களை அதில் விடுகிறார். தொட்டி பளபளக்கிறது. இரண்டு மூன்று நாட்களில் எஞ்சிய மீன்களும் மிதக்கின்றன.

அவர் சோம்பேறி அல்லர். அக்கறையினால்தான் அப்படிச் செய்தார். ஆனால் நகராட்சிக் குழாய்நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலந்திருக்கிறது. அது நம் குடலைக் காக்கிறது. பஞ்சில் குடியிருந்த நுண்ணுயிர்களையோ கொன்றுவிடுகிறது. ஆகவே தொட்டியைக் காப்பாற்ற வேண்டிய படையை அவரே கலைத்துவிட்டார்.

அப்படியானால் முதலில் செய்யத்தக்கது எது? காற்று. நீர் வெளுத்திருப்பதே அழுகல் நுண்ணுயிர்கள் பெருகிப் பிராணவாயுவை உறிஞ்சுவதைக் காட்டுகிறது. காற்றுக் குழாய் இருந்தால் முழு வேகத்தில் ஓடட்டும். இல்லையேல் ஒரு குவளையால் நீரை மொண்டு சற்று உயரத்திலிருந்து அத்தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருங்கள். மூச்சுக்குத் தவிக்கும் மீன் அமோனியாவை அளக்கும்வரை காத்திராது. அடுத்து, இரை போடுவதை அடியோடு நிறுத்துங்கள். வளர்ந்த மீன் சில நாள் பட்டினி கிடந்தால் கெடுதி ஒன்றுமில்லை. பிறகு மீன்களை எண்ணிப் பாருங்கள். கல்லிடுக்கில் செத்துக் கிடக்கும் ஒரு மீனோ நத்தையோ கடற்சாமந்தியோ தொட்டி முழுவதையும் கெடுக்கப் போதும். அதைக் கண்டெடுத்து அகற்றுங்கள். அடியில் படிந்த இரையையும் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள்.

அதன் பின்னரே அளவை. அமோனியா, பி.எச்., உப்பின் அடர்த்தி, வெப்பம் ஆகிய நான்கையும் பாருங்கள். சொட்டு மருந்திட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி கடைகளில் கிடைக்கிறது. தொட்டி வாங்கும் நாளிலேயே வாங்கி வைத்திருக்க வேண்டிய பொருள் அது. அமோனியா தென்பட்டால் நீரில் ஒரு பகுதியை மட்டும் மாற்றவேண்டும். கணக்கு எளியது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருக்குமானால், கால் பங்கை மாற்றினால் 1.5 ஆகும், பாதியை மாற்றினால் 1 ஆகும், மறுநாள் மீண்டும் பாதியை மாற்றினால், புதிதாக ஊறுவது நீங்கலாக, அரை மில்லிகிராமில் வந்து நிற்கும். கல்லையும் பஞ்சையும் தொடவேண்டாம். பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தால், தொட்டியிலிருந்து எடுத்த பழைய கடல்நீரிலேயே மெல்ல அலசுங்கள். இந்நேரத்தில் காரத்தன்மையை ஏற்றும் பொடிகளைப் போடுவோரும் உண்டு. அது நஞ்சைக் கூர் தீட்டுவதாகும்.

மாற்றும் நீரைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கடலில் ஒரு கிலோ நீருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. ஆகவே 50 லிட்டர் புதுநீருக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோ வேண்டும். சமையலறை உப்பு ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதைக் கண்டவர்களுக்குக் காரணம் விளங்கும். கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்தின் பெரும்பகுதி முதலிலேயே படிந்துவிடுகிறது. பின்னர் சோறுப்பு விளைகிறது. மக்னீசியம் எஞ்சிய கசப்புநீரோடு போய்விடுகிறது. நம் கைக்கு வருவது கடலின் ஒரு பகுதியே. தொட்டிக்கென்று எல்லாவற்றையும் சேர்த்துத் தயாரித்த உப்பு தனியே விற்கிறது. மும்பைவாசிகள் அருகிலுள்ள கரையிலிருந்து ஒரு குடம் மொண்டுவர நினைக்கலாம். நகரத்துச் சாக்கடை கலப்பது ஒருபுறமிருக்க, மழைக்காலத்தில் கரையோர நீரின் உப்பும் குறைந்துவிடும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குழாய்நீரில் உப்பைக் கரைப்பதற்கு முன் குளோரினைப் போக்கியாக வேண்டும். புகைப்படக்காரர்கள் ஹைப்போ என்று வழங்கிய சோடியம் தையோசல்ஃபேட்டே இதற்கு மருந்து. மீன் கடைகளில் அளவு குறித்த சீசாக்களில் கிடைக்கும். உப்பு நன்றாகக் கரைந்து, காற்று ஏறி, வெப்பமும் அடர்த்தியும் தொட்டியோடு ஒத்துவந்த பிறகே ஊற்றவேண்டும். இதற்கெல்லாம் ஒரு நாள் பிடிக்குமே, நெருக்கடியில் நேரமேது என்றால், கால் பங்கு நீரை எப்போதும் கலக்கி, மூடிய பாத்திரத்தில் தயாராக வைத்துக்கொள்வதே வழி. இன்னொன்று: வெயிலில் நீர் வற்றும்போது உப்பு வற்றுவதில்லை. குறைந்த அளவிற்குக் குளோரின் நீக்கிய நல்ல தண்ணீரைத்தான் ஊற்றவேண்டும், உப்புநீரையன்று.

மின்சாரம் நின்றுபோவதை நம் நகரங்களில் யாரும் விளக்கத் தேவையில்லை. மூடிய குடுவை வடிகட்டி சில மணி நேரம் நின்றுவிட்டால், உள்ளே பிராணவாயு தீர்ந்து நுண்ணுயிர்கள் மடியத் தொடங்கும். மின்சாரம் வந்தவுடன் அந்த அழுகல் முழுவதும் தொட்டிக்குள் பாயும். எனவே நீண்ட நேரம் நின்ற வடிகட்டியை, உள்ளிருக்கும் நீரைக் கொட்டி, பழைய கடல்நீரில் அலசிய பிறகே ஓட்டவேண்டும். மின்கலத்தால் ஓடும் சிறு காற்றுக்கருவி ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

நீரில் அமோனியாவே இல்லை, எனினும் மீன்கள் துடிக்கின்றன என்றால் அறையைச் சுற்றிப் பாருங்கள். கொசுவுக்கு மருந்து தெளித்தார்களா? பக்கத்து அறையில் வர்ணம் பூசுகிறார்களா? காற்றுக்கருவி அறையின் காற்றையே இழுத்து நீரில் செலுத்துகிறது; கொசு மருந்துகளிலுள்ள நஞ்சு மீனுக்கும் இறாலுக்கும் மிகக் கொடியது. சன்னல்களைத் திறந்து, கருவிக்கு வெளிக்காற்று கிடைக்கச் செய்து, நீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள். வடிகட்டியில் கரித்தூள் பையும் வைக்கலாம்.

நீர் தெளிந்துவிட்டால் மறுநாளே கடைக்கு ஓடிப் புது மீன் வாங்கும் ஆவல் எழும். ஊரிலிருந்து வரும்போது ராமேசுவரம் பக்கத்துப் பவழக் கல்லைப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்றும் தோன்றலாம்; கற்பவழங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டவை, எடுப்பது குற்றம். அமோனியாவும் நைட்ரைட்டும் அறவே இல்லை என்று சோதனை காட்டிய பிறகு, அரைப்பங்கு இரையோடு தொடங்குங்கள். அதன்பின் ஒரு மாதமாவது புது உயிர் எதையும் சேர்க்கவேண்டாம். அடுத்த முறை ஊருக்குப் புறப்படும்போது எதிர்வீட்டுத் தம்பியிடம் புட்டியைக் கொடுக்காமல், ஒவ்வொரு நாளைக்குரிய இரையையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து, மேலே தேதி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.