பஞ்சாரத்தில் புகுந்த நோய்

நான் பள்ளியில் படித்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒன்பது கோழிகள் இருந்தன. முட்டை விற்ற காசு அம்மாவின் முந்தானை முடிச்சில் இருக்கும். அதற்கு ஆண்கள் எவரும் கணக்குக் கேட்பதில்லை. என் நோட்டுப் புத்தகங்கள் அந்த முடிச்சிலிருந்தே வந்தன. ஒரு சித்திரை மாதத்துக் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியபோது இரண்டு கோழிகள் இறந்து கிடந்தன. இன்னொன்று இறக்கையைத் தொங்கவிட்டு, வாய் திறந்து மூச்சு வாங்கியபடி நின்றது. தரையெல்லாம் வெள்ளையும் பச்சையுமான எச்சம். “கழிச்சல் வந்துவிட்டது” என்றாள் அம்மா. சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள் எல்லாம் அரைத்து ஊட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் மாலைக்குள் ஆறு கோழிகள் போயின. அவற்றுள் ஒன்று கழுத்து முறுக்கிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

எஞ்சிய மூன்றையும் சந்தைக்குக் கொண்டுபோய், வந்த விலைக்கு விற்றுவரும்படி அம்மா சொன்னாள். ஊரில் எல்லாரும் செய்வது அதுதான். நானும் கூடையில் சுமந்து சென்று விற்றேன். பத்து நாட்களில், சந்தைக்கு அப்பாலுள்ள ஊரிலும் கழிச்சல் என்று செய்தி வந்தது. அதைச் சுமந்து சென்றது என் கூடையாகவும் இருக்கலாம் என்பது, கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து இந்நோயைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குப் பட்டது. நோய் புகுந்த கோழி சில நாட்கள் நலமாகவே தோன்றும், மேயும், கூவும். அறிகுறி வெளிப்படுமுன்னரே அதன் மூச்சிலும் எச்சத்திலும் நோய்க்கிருமி வெளியேறத் தொடங்கிவிடும்.

இக்கிருமி ஒரு வைரஸ். 1926ஆம் ஆண்டு சாவகத் தீவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரையடுத்தும் இந்நோய் கண்டறியப்பட்டது. டாயில் என்ற அறிஞர் அதற்கு அந்நகரின் பெயரையே சூட்டினார். சிறிது காலத்தில் நம் நாட்டில் இமயத்தின் குமாவோன் மலையிலுள்ள இராணிக்கேட்டில் அதே நோய் காணப்பட்டது. ஆகவே நமக்கு அது இராணிக்கேட் நோய் ஆயிற்று. அதே குமாவோன் மலையில்தான் முக்தேசுவரம் இருக்கிறது. கால்நடை நோய்களை ஆராயும் கூடம், ஊர்களுக்குத் தொலைவில் இருப்பதே நல்லது என்று 1893ஆம் ஆண்டில் அம்மலையுச்சிக்கு மாற்றப்பட்டது. நோய்க்குப் பெயர் தந்த மலையே மருந்தும் தந்தது: 1940களில் ஹாடோ, இத்னானி என்னும் இருவர் அங்கே இந்த வைரஸைக் கோழி முட்டைகளில் மீண்டும் மீண்டும் வளர்த்து, அதன் கொடுமையைக் குறைத்துத் தடுப்பு மருந்தாக்கினர்.

முட்டையில் வளர்ப்பதாவது என்ன? ஒன்பது பத்து நாள் அடைகாத்த முட்டைக்குள், கருவைச் சூழ்ந்த நீர்ப்பையில் வைரஸைச் செலுத்துவார்கள். அது அங்கே பெருகும். பின்னர் அந்நீரை எடுத்துக் குளிர்நிலையில் உலர்த்திக் குப்பியில் அடைப்பார்கள். கோழியைக் காக்கும் மருந்து கோழியின் கருவிலேயே விளைகிறது! கொடிய வகைக்கும் மென்மையான வகைக்கும் உள்ள வேறுபாடு மிக நுண்ணியது. வைரஸின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதம், கோழி உடலின் நொதியால் வெட்டப்பட்டாலன்றி அது உயிரணுவினுள் நுழைய இயலாது. மென்மையான வகையின் புரதத்தை வெட்டும் நொதிகள் மூச்சுக்குழலிலும் குடலிலும் மட்டுமே உண்டு. ஆகவே அது அங்கேயே தங்கிவிடும். கொடிய வகையின் புரதத்தையோ உடலெங்குமுள்ள நொதிகள் வெட்டும். அதனால் அது மூளைவரை செல்லும். நான் கண்ட அந்தக் கழுத்து முறுக்கலுக்குக் காரணம் அதுவே.

நோய் வந்தபின் தீர்க்கும் மருந்து கிடையாது. முன்னரே தடுத்தல் ஒன்றே வழி. முக்தேசுவர் மருந்து வலியது. ஆறு வாரத்திற்கு உட்பட்ட குஞ்சுகளை அதுவே கொன்றுவிடக்கூடும். அதனால் ஐந்தாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் மென்மையான வகையைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு துளி விட்டு, பின்னர் எட்டாம் வாரமளவில் இறக்கையில் அதனை ஊசியாகப் போடுகிறோம். கண்ணில் விடுவானேன் என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. தாய்க்கோழி தன் எதிர்ப்பாற்றலை மஞ்சள் கருவின் வழியாகக் குஞ்சுக்குத் தந்தே அனுப்புகிறது. அக்கொடை குஞ்சை ஓரிரு வாரம் காக்கும். ஆனால் நாம் ஊசியில் செலுத்தும் மருந்தையும் பகையென்றெண்ணி அழித்துவிடும். கண், மூக்குச் சவ்வுகளில் அதன் காவல் அவ்வளவு கடுமையாக இல்லை. தாயின் அன்பை ஏமாற்றி நுழைய வேண்டியிருக்கிறது.

என் பிழையொன்றையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவனான புதிதில், ஒரு கோடையில் பனிக்கட்டி தீர்ந்துபோன பெட்டியுடன் பேருந்தில் ஒரு சிற்றூருக்குச் சென்றேன். திரும்பிச் செல்ல மனமில்லாமல் அந்த மருந்தையே நண்பகல்வரை போட்டேன். உயிருள்ள வைரஸ் வெப்பத்தில் இறந்துபோனால், குப்பியில் இருப்பது வெறும் நீரே. அடுத்த திங்களில் அவ்வூர்க் கோழிகள் கழிச்சலில் மடிந்தன. ஒரு பாட்டி என்னிடம் ஊசியால்தான் செத்தது என்றார். அவருக்கு நான் விடை சொல்லவில்லை.

நாமக்கல் போன்ற இடங்களிலுள்ள பெரும் பண்ணைகளில் இந்த இடர் குறைவு. அங்கே குளிர்பெட்டி உண்டு. மருந்தைக் குடிநீரில் கலக்கையில், நீரிலுள்ள குளோரின் வைரஸைக் கொல்லாதபடி சிறிது பால்பொடி சேர்க்கவும் தெரியும். ஆயிரக்கணக்கான கோழிகளை ஒரே கூரையின்கீழ் வளர்ப்பதற்கு இத்தடுப்பு மருந்தே பெரிதும் துணைநிற்கிறது. ஐந்து கோழி வைத்திருப்பவளின் நிலை வேறு. குப்பியில் நூறு கோழிக்கு மருந்து. கரைத்தால் இரண்டு மணி நேரத்திற்குள் தீர்க்க வேண்டும். அவளை மனத்தில் வைத்தே, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்பிராட்பிரோ என்பவர், சூடு தாங்கும் ஐ-2 என்னும் வகையை 1990களில் உருவாக்கி, வறிய நாடுகளுக்கு விலையின்றி அளித்தார். நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், வாய்வழி கொடுக்கத்தக்க குருணை மருந்தை உருவாக்கியுள்ளது.

எங்கள் ஊரில் இப்போது ஒரு ஏற்பாடு நடக்கிறது. முன்னதாக ஒரு நாள் குறித்து, பொழுது விடியுமுன், பஞ்சாரம் திறக்காமல் எல்லா வீட்டிலும் வைத்திருக்கச் சொல்வார்கள். மேயச் சென்ற கோழியைப் பிடிப்பது எந்த மருத்துவனாலும் ஆகாத காரியம். ஒரு குப்பியைக் கரைத்தால் தெரு முடியும்போது குப்பியும் முடியும். முதல் ஆண்டில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைத்தவள் என் அம்மா. சந்தையில் கோழி விற்கப் புறப்பட்ட ஒருத்தியை அவள் வழிமறித்து, கூடையைத் திறந்து பார்த்துத் திருப்பி அனுப்பியதாகவும் கேள்வி.