கரடி வேடமும் நான்கு வயதும்

(திருவொற்றியூரில் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. அன்றுமுதல் ஆண்டு விழாப் பந்தலில் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் நான்கு வயதுக் குழந்தையும் சேர்ந்தே உட்காருகிறார்கள். மேடையில் முயல், கரடி வேடமிட்டு ஆடுவோர் வந்ததும் பெரியவர்கள் விசிலடிப்பார்கள். முன்வரிசையில் இருக்கும் சின்னதுகளைப் பாருங்கள், பாதி வீறிட்டு அழும். "உள்ளே மனுஷன்தான்டா" என்று நாமும் சொல்லிப் பார்ப்போம். அழுகை நிற்காது.

பியாஜேயை பி.எட்.டில் தேர்வுக்காகப் படித்தோம். இங்கேதான் அவர் உதவுகிறார். 2 முதல் 7 வயது வரை, கண்ணுக்குத் தெரியும் தோற்றமே குழந்தைக்கு உண்மை. இதை ஒட்டி ரீட்டா டிவ்ரீஸ் செய்த ஆய்வு 1969இல் வெளிவந்தது. மேனார்டு என்ற சாதுவான பூனையைக் குழந்தைகளுக்குக் காட்டினார். அதன் தலைப்பக்கத்தை மறைத்து நாய் முகமூடி மாட்டினார். வால்பக்கம் தெரிந்துகொண்டேதான் இருந்தது. ஆனாலும் மூன்று வயதினர் பலர் பூனை நாயாகிவிட்டது என்றே நம்பினார்கள். ஆறு வயதினருக்குப் பெரும்பாலும் அந்தக் குழப்பம் இல்லை.

எங்கள் வளாகத்தில் நன்கொடையாளர் ஒருவர் கரடி ஆட்டம் ஏற்பாடு செய்தார். மறுநாள் எல்.கே.ஜி. சிறுமி ஒருத்தி வரவில்லை. அடுத்த இரண்டு நாளும் இல்லை. மீன் விற்கும் அவளது ஆயா வந்து சொன்னார்: "கரடி இஸ்கூல்லயே கீதுன்னு அழுவுது டீச்சர். தூக்கினு வந்தா கேட்டாண்டயே இறங்க மாட்டேங்குது."

மூன்று நாள் மூன்று வாரமானால் அந்தக் குழந்தையை மீண்டும் கொண்டுவருவது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும்.

ஆடியவர் பக்கத்துத் தெருக்காரர். வேடத்தைச் சாக்கில் போட்டு எடுத்து வரச் சொன்னோம். பாயில் உட்கார்ந்து, பெயர் சொல்லி, முதலில் கால், பிறகு கை, கடைசியில் தலை என்று மாட்டினார். கேட்டபோதெல்லாம் கழற்றினார். ஆயா மடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், நாலாவது முறை எழுந்து போய்க் கரடியின் மூக்கைத் தட்டினாள். மறுநாள் பள்ளிக்கு வந்துவிட்டாள்.

தெருக்கூத்தில் கட்டியங்காரன் முதலில் வந்து சிரிக்க வைப்பான். பெரிய வேடம் திரைக்குப் பின்னால் நின்று பாடி, சலங்கை ஒலி கேட்கச் செய்து, பிறகே முகம் காட்டும். நோக்கம் வேறாக இருக்கலாம், குழந்தைக்கு அவகாசம் கிடைக்கிறதே! ஒப்பனை நடக்கும் இடத்தைச் சுற்றிச் சிறுவர்கள் நிற்பதையும் யாரும் விரட்டுவதில்லை. மாசியில் மயானக் கொள்ளைக்குக் காளி வேடம் வரும்போது நம் பக்கத்துத் தகப்பன்மார் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூட்டத்தின் கடைசியில்தான் நிற்பார்கள்.

நாமோ சின்னதுகளை ஒலிபெருக்கிக்கு அடியில் உட்கார வைக்கிறோம். ஓரமாக, எழுந்து வெளியே போக வழியுள்ள இடத்தில், தெரிந்தவர் மடியில் இருக்கட்டும். அழுகிற குழந்தையைக் கரடியோடு நிறுத்திப் புகைப்படம் எடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். அந்தப் படம் யாருக்காக எடுக்கிறோம்?

இந்த ஆண்டு விழாவுக்கு வேடக்காரரைப் பேசும்போதே அரை மணி நேரம் முன்னதாக வரச் சொல்லுங்கள்.