ஆற்றங்கரைப் பாறையும் திட்ட மதிப்பீடும்

(பயிற்சி அலுவலர்கள், மாணவர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



பொருளாதாரம் பயின்ற ஒருவன் பாறைகளைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். மலைப்பகுதியில் நாம் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் ஏதோ ஒரு பாறையை நம்பியே நிற்கிறது. ஆகவே, அப்பாறையின் இயல்பை அறிவதும் திட்டமிடுதலின் ஒரு பகுதியே ஆகும்.

உத்தரகண்ட் மாநிலத்தில், அலக்நந்தா ஆற்றை ஒட்டி ஹேலாங்கிலிருந்து பத்ரிநாத் வரை செல்லும் வழியை எடுத்துக்கொள்வோம். ஹேலாங் அருகே 'மெயின் சென்ட்ரல் த்ரஸ்ட்' எனப்படும் பெரும் பிளவு செல்கிறது. இந்திய நிலத்தட்டு ஆசியாவுடன் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் மோதியதன் விளைவாக, ஆழத்திலிருந்த பாறைகள் இப்பிளவின் வழியே மேலே தள்ளப்பட்டன. அங்கு பாறைகள் நசுங்கிச் சிதைந்து காணப்படுகின்றன. ஜோஷிமட் பகுதியில் அபிரகம் மிகுந்த சிஸ்ட், வரிவரியான நைஸ் ஆகிய உருமாறிய பாறைகளைக் காணலாம். மேலே செல்லச் செல்ல, ஒரு காலத்தில் மிகுந்த வெப்பத்திற்கு உள்ளான பாறைகள் தென்படுகின்றன. பத்ரிநாத் பக்கம் கருநிறப் பாறையினூடே வெண்ணிற இழைகள் நெளிந்து ஓடுகின்றன. இவையே பகுதி உருகலின் சுவடுகள்.

வெல்லத்தையும் கடலையையும் சேர்த்துச் சூடாக்கினால் வெல்லம் இளகும். கடலை அப்படியே நிற்கும். பாறையிலும் அவ்வாறே. ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வெள்ளை அபிரகம் சிதைந்து, குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும் அடங்கிய குழம்பு உண்டாகிறது. கரிய தாதுக்கள் எஞ்சுகின்றன. அக்குழம்பு திரண்டு உறைந்ததே வெளிர்நிறக் கிரானைட். இது நிகழ்ந்து இரண்டு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன.

இதனால் அலுவலருக்கு என்ன பயன்? அபிரக அடுக்குகள் எளிதில் வழுக்குபவை. அவை சாலைப் பக்கமாகச் சாய்ந்திருக்கும் இடத்தில் சரிவை வெட்டினால் மண்சரிவு நேரும். உறுதியான கிரானைட்டும் வெடிப்புகள் மிகுந்தால் நீருக்கு வழிவிடும். 2009 டிசம்பரில் தபோவன் - விஷ்ணுகாட் நீர்மின் திட்டச் சுரங்கத்தில், துளையிடும் இயந்திரம் நீர்தாங்கிய பகுதியைத் தாக்கியதால் நொடிக்குப் பல நூறு லிட்டர் நீர் பீறிட்டது.

ஜோஷிமட் நகரோ இப்பாறைகளின் மீது நேராக அமர்ந்ததன்று. பழைய நிலச்சரிவின் குவியல் மீது அமைந்தது. 1976-ஆம் ஆண்டிலேயே மிஸ்ரா குழு இதனைச் சுட்டிக்காட்டி, கனரகக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தவும், பாறைகளைத் தோண்டியோ வெடிவைத்தோ அகற்றாதிருக்கவும் பரிந்துரைத்தது. 2023 ஜனவரியில் அங்கு எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் காணப்பட்டது. பல குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. இடையே கடந்தவை 47 ஆண்டுகள்.

நிலவியல் ஆய்வுக்கான தொகையைச் சிக்கனம் கருதிக் குறைப்பது உண்மையான சிக்கனமாகாது. அச்செலவு பின்னர் மறுவாழ்வுப் பணியின் கணக்கில் பன்மடங்காக வந்து சேரும். அதன் சுமையை ஏற்பவர்கள் மதிப்பீட்டைத் தயாரித்தவர்கள் அல்லர், அச்சரிவில் வாழும் மக்களே. எனவே, நிலவியலாளரின் அறிக்கை ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே கோப்பில் இடம்பெற வேண்டும். அதனை ஏற்காவிடில் அதற்கான காரணமும் எழுத்தில் பதிவாக வேண்டும். நாளை மாவட்டங்களில் பொறுப்பேற்கவுள்ள நீங்கள் இவ்விரண்டையும் வழக்கமாக்குவீர்கள் என நம்புகிறேன்.