பாரிஸ் மாநகரில் ஒரு தமிழ்க் கடைத்தெரு

கிளிநொச்சிச் சந்தையிலே முருங்கைக்காய்க் கட்டை அவிழ்த்து, ஒன்றை முறுக்கிப் பார்த்து, முற்றலென்று கண்டு திருப்பி வைக்கும் இல்லத்தரசியை நேயர்கள் யாவரும் அறிவர். அதே சோதனையை, கம்பளிக் கையுறையைக் கழற்றிவிட்டுச் செய்யும் பெண்மணியரைப் பாரிஸ் மாநகரின் லாச்சப்பல் பகுதியிலே காணலாம். காயும் பேச்சும் ஒன்றே. வெளியே வீசுங் காற்று மாத்திரம் வேறு.

பாரிஸின் பத்தாம் வட்டாரமும் பதினெட்டாம் வட்டாரமும் சந்திக்குமிடத்தில், வடக்குப் புகையிரத நிலையத்துக்கு அண்மையில் இப்பகுதி அமைந்துள்ளது. நிலத்தின் கீழ் ஓடும் நகரப் புகையிரதம் இவ்விடத்தில் மேலெழுந்து, இரும்புத் தூண்களின்மேற் செல்கின்றது. அங்குள்ள நிலையத்தின் பெயர் லா சப்பல். சிற்றாலயம் என்பது அதன் பொருள். நிலையத்தின் பெயரே நம்மவர் நாவில் அயல் முழுவதற்கும் பெயராயிற்று. கடைகள் செறிந்த குறுக்கு வீதியொன்று, புகையிரத இயந்திரங்கள் செய்த ஒரு பிரெஞ்சுத் தொழிலதிபரின் பெயரைத் தாங்கியுள்ளது. பிரெஞ்சுக்காரர் அப்பெயரை உச்சரிக்கும்போது நம் செவிக்குக் 'காய்' என்றே கேட்கும். காய்கறிக் கடைகள் நிறைந்த வீதிக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேண்டுமோ?

இதற்குச் சற்றுத் தெற்கே, பிராடி என்னும் பழைய கூரையிட்ட ஒழுங்கையிலே, புதுச்சேரியிலிருந்து சென்றோர் 1970 களில் உணவுச்சாலைகள் நடத்தத் தொடங்கினர். லாச்சப்பலோ பெரும்பாலும் ஈழத்தவர் கைவண்ணம். 1983 ஆம் ஆண்டு ஜூலை வன்செயலின் பின்னர் பெருந்தொகையாக அங்கே சென்றவர்கள், மொழி தெரியாத நிலையில் உணவகச் சமையலறைகளிற் பாத்திரங் கழுவினர், பின்னர் சமையற்காரராயினர், சிலர் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கடை திறந்தனர். 1985 இல் மாணிக்க விநாயகர் ஆலயமும் இவ்வயலில் உருவாயிற்று. ஆண்டுதோறும் கோடை முடிவில் தேர் வீதியுலா வரும்போது, வழியெங்கும் சிதறுதேங்காய் உடைபடுவதைப் பாரிஸ் மக்கள் நின்று பார்க்கின்றனர்.

ஒன்றை மறத்தலாகாது. இது தமிழர் குடியிருக்கும் இடமெனக் கருதுவோர் பலர். உண்மையில் வாடகை குறைந்த லா கூர்னேவ், பொபினி முதலிய புறநகர்களிலேயே பெரும்பாலோர் வாழ்கின்றனர். லாச்சப்பல் அவர்கள் வந்து கூடிக் கலையும் சந்தையே. ஊரிற் சந்தைக்குப் போவதென்றால் சாமானுடன் சேதியும் கொண்டு திரும்புவதன்றோ? அங்கும் அவ்வாறே. சேலைக்கடை, நகைக்கடை, பயணச்சீட்டு முகவர் நிலையம், இரும்புத் தட்டில் கொத்துரொட்டி தாளமிடும் உணவகம் ஆகியன அடுத்தடுத்து நிற்க, அவற்றின் வாசல்களிலே கலியாணப் பேச்சும் காணிப் பேச்சும் நடைபெறுகின்றன.

கடையினுள் நுழைவோர் ஒடியற்கூழ் காய்ச்சும் எண்ணத்துடன் நுழைந்தால் அக்கடையின் பெருமை விளங்கும். பனங்கிழங்கை உலர்த்தி இடித்த ஒடியல் மா பொட்டலமாக இருக்கும். நண்டும் இறாலும் பனிக்கட்டிப் பெட்டியில் உறைந்து கிடக்கும். பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பழப்புளி, செத்தல் மிளகாய் எவற்றுக்கும் வேறிடம் தேடவேண்டியதில்லை. பலாக்கொட்டை வேண்டுமாயின் முழுப் பலாவையோ துண்டையோ வாங்கவேண்டும். கூழைக் குடிக்கும் பனையோலைப் பிளாவுக்குத்தான் வழியில்லை; கோப்பையில் ஊற்றிக் குடிக்கின்றனர். சுவை குன்றுவது அதனாலென்று முதியோர் சாதிப்பர். அது ஓரளவு உண்மையே.

பள்ளியிலே பிரெஞ்சு மொழியில் எல்லாப் பாடங்களையும் கற்கும் பிள்ளை, வல்லாரைக்கும் பொன்னாங்காணிக்கும் வேற்றுமை அறிவது இங்கேதான். தாய் ஒரு கட்டைத் தூக்கிக் காட்டிப் பெயர் சொல்கிறாள். பிள்ளை திருப்பிச் சொல்கிறது. தமிழ் வகுப்புக்குச் செல்லத் தயங்கும் பிள்ளையும் இவ்வகுப்பிலிருந்து தப்புவதில்லை.

எனினும் இந்நிறைவைப் பற்றிப் பேசும்போது வன்னியின் வரலாறு குறுக்கிடுகின்றது. 1990 களில் எரிபொருளும் மின்கலமும் பசளையும் தடைப்பொருள்களாயிருக்க, வன்னியின் கடைத் தட்டுகள் வெறுமையுற்றிருந்தன. 2009 ஆம் ஆண்டின் முற்பகுதியில் முள்ளிவாய்க்காலிலே மக்கள் அரிசியும் உப்பும் இட்ட கஞ்சிக்கு வரிசையில் நின்றனர். அதே நாட்களில் லாச்சப்பலில் அரிசி மூடைகள் கூரைமுட்ட அடுக்கப்பட்டிருந்தன. அம்மூடையை வாங்கிச் சுமந்தவர் பலருக்குத் தாயோ தமையனோ அந்த வரிசையில் இருந்தனர். தொலைபேசியில் குரல் கேளாத வீட்டில் ஆக்கிய சோற்றை யார் உண்டிருப்பர்? அக்கடைத்தெருவை வெறும் செழிப்பின் காட்சியாக எண்ணி, இங்கே ஏங்கும் இளைஞர் இதனையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இன்று சாமான் இரு திசையிலும் செல்கின்றது. விடுமுறையில் வருவோர் சொக்கலேற் கொண்டுவருவர்; திரும்பும்போது வறுத்திடித்த மிளகாய்த்தூளும், முல்லைத்தீவுக் கருவாடும், வன்னிக் காட்டுத் தேனும் பயணப்பெட்டியில் இடம் பிடிக்கும். நிறை கூடிவிட்டால் முதலில் வெளியே எடுக்கப்படுவது உடுப்பே!

ஆயினும் பாலைப்பழத்தை எப்பெட்டியிலும் அடைக்க முடியாது. வீதியோரத்தில் அளந்து விற்கும் அந்த மஞ்சட் பழம் விரைவிற் கனிந்து நைந்துவிடும். உதட்டில் ஒட்டும் பாலோடு மரத்தடியிலேயே உண்ணவேண்டியது. பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை ஜூலை மாதத்திலேதான் தொடங்குகின்றது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவர்கள் மாங்குளத்தைக் கடக்கும்போது, பாலைப்பழக் காலம் பெரும்பாலும் முடியுந் தறுவாயில் இருக்கும்.