தங்கப் படிகத்தின் மேற்பரப்பும் மின்வேதியியலின் சான்றும்: மாநாட்டுத் தலைமை உரை

குருபரப்பள்ளியில் கூடியிருக்கும் இக்கருத்தரங்கின் தலைமைப் பொறுப்பு பெருமைக்குரியது. மேற்பரப்பு இயற்பியலில் ஆழங்கால்பட்ட அறிஞர் பலர் எதிரே அமர்ந்திருக்கையில் அதை ஏற்பது சற்றே அச்சம் தருவதும் ஆகும். கைக்கடிகாரமும் நகையும் மின்னணுக் கருவியும் செய்யும் ஓசூர்ப் பகுதியை ஒட்டி, 2001இல் மூடப்பட்ட கோலார் தங்க வயலுக்குத் தெற்கே, தங்கத்தின் மேலடுக்கைப் பற்றிப் பேசக் கூடுவது பொருத்தமானதே.

வெட்டிய படிகத்தின் மேலடுக்கு அணுக்கள் உள்ளடுக்குகளின் ஒழுங்கை விட்டு வேறோர் ஒழுங்கில் அமைவதே மறுசீரமைப்பு என்பதும், (111) தளத்தில் ஒரு திசையில் 22 அணுக்களுக்குரிய இடத்தில் 23 அணுக்கள் நெருங்கி அமைகின்றன என்பதும், (110) தளத்தில் ஒன்றுவிட்டு ஒரு வரிசை காணாமற்போகிறது என்பதும், (100) தளத்தின் சதுர ஒழுங்கு ஏறத்தாழ அறுகோண ஒழுங்காக மாறுகிறது என்பதும் அவையோர் அறிந்தவை. ஆய்வுரைகள் இவற்றை விரிவாகப் பேசவிருப்பதால், தங்கம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதையே இவ்வுரை எடுத்துக்கொள்கிறது.

அண்டை அணுக்களை இழந்த மேலடுக்கு ஆற்றலைக் குறைத்துக்கொள்ள நெருங்குகிறது என்று பாடநூல்கள் தரும் விடை போதாது. வெள்ளியும் அதே முகப்பு மையக் கனசதுர அமைப்புடையது. அதன் அணிக்கோவை மாறிலி 4.09 ஆங்ஸ்ட்ராம், தங்கத்தினுடையது 4.08. இருந்தும் தூய வெள்ளியின் தளங்கள் மறுசீரமைவதில்லை. தங்கத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பிளாட்டினமும் இரிடியமும் (100) தளத்தில் மறுசீரமைகின்றன. கனமான அணுக்கருவைச் சுற்றும் எலக்ட்ரான்களின் வேகத்தால் எழும் சார்பியல் விளைவு 6எஸ் மட்டத்தைச் சுருக்கி 5டி மட்டத்தை உயர்த்துவதே இவ்வேறுபாட்டின் வேர். மேற்பரப்பிலேயே அடைபட்டு, உள்ளே செல்லச் செல்லத் தேய்ந்துபோகும் எலக்ட்ரான் அலையான மேற்பரப்பு நிலையே (111) தளத்தின் மறுசீரமைப்புக்குக் காரணம் என்று கூறும் நண்பர்கள், செம்பின் (111) தளத்திலும் வெள்ளியின் (111) தளத்திலும் அதே நிலை இருந்தும் அங்கே மறுசீரமைப்பு இல்லாததை விளக்கக் கடமைப்பட்டவர்கள்.

இத்துறையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பின்னிக்கும் ரோரரும் தம் குழுவினரும் 1983இல் டன்னலிங் நுண்ணோக்கியால் எடுத்த (110) படத்திலிருந்து தொடங்குகின்றனர். 1967இலேயே ஃபெடாக், ஜோஸ்டைன் இருவரும், தனியே பாம்பெர்க், ரோடின் இருவரும், குறைந்த ஆற்றல் எலக்ட்ரான் விளிம்பு விளைவால் (100) தளத்தின் புதிய ஒழுங்கைக் கண்டிருந்தனர். இவர்களைவிடவும் புறக்கணிக்கப்பட்டவர்கள் மின்வேதியியலார். பிரான்சின் அந்துவானெத் ஹேமலின் ஒற்றைப் படிகத் தங்க மின்வாய்களில் மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றியிறக்கி எடுத்த வரைகோடுகளை, கரைசல் தூய வெற்றிடமாகாது என்ற ஒரே காரணத்தால் ஒதுக்கியவர்கள் பலர். 1986இல் கோல்ப், ஷ்னைடர் இருவரும் அந்தத் தடையை நேரடியாகவே சந்தித்தனர்: அறுகோண (100) தளத்தை மின்பகுளியில் நிறுத்தி, மின்னழுத்தம் நேர்ப்பக்கம் ஏறும்போது அது சதுர ஒழுங்குக்குத் திரும்புவதைக் காட்டினர். பின்னர் நுண்ணோக்கி கரைசலுக்குள்ளேயே இறங்கியபோது கண்டது இதுதான்: அறுகோண அடுக்கில் சதுர அடுக்கைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அதிகமாக இருந்த அணுக்கள் வெளியே தள்ளப்பட்டு, ஓரணு உயரமுள்ள சிறு தீவுகளாகத் தளமெங்கும் எழுகின்றன, மின்னழுத்தம் எதிர்ப்பக்கம் இறங்கினால் அறுகோண ஒழுங்கு மீண்டும் உருவாகிறது.

மாற்றத்துக்குக் காரணம் கரைசலிலிருந்து வந்து ஒட்டும் எதிரயனிகளே, மின்னூட்டம் அல்ல என்று மறுப்போர் உண்டு. எதிரயனிகளின் பங்கை இவ்வுரை மறுக்கவில்லை. குளோரைடு போல வலுவாக ஒட்டும் அயனி, பெர்குளோரேட்டைவிடக் குறைந்த நேர் மின்னழுத்தத்திலேயே மாற்றத்தைத் தொடங்கிவைக்கிறது. ஆனால் மேற்பரப்பில் மிகைமின்னூட்டமே இல்லாத நிலைக்குரிய சுழி மின்னூட்ட மின்னழுத்தம் சதுர ஒழுங்குக்கு அறுகோண ஒழுங்கைவிடச் சுமார் 0.2 வோல்ட் தாழ்ந்தது. ஆகவே நேர் மின்னழுத்தத்தில் சதுரத் தளமே அதிக மின்னூட்டம் ஏற்று அதிக ஆற்றல் இறக்கம் பெறுகிறது. அயனி எதுவும் ஒட்டாவிட்டாலும் சாய்வு அந்தப் பக்கமே இருக்கும். 1998இல் போனனும் கோல்பும் கணக்கிட்டு முன்வைத்த இந்த வாதத்துக்கு உரிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை என்பதே இவ்வுரையின் ஆதங்கம்.

இந்த வட்டாரத்துக்கு இது ஏட்டளவான வழக்கு அல்ல. பொட்டாசியம் தங்க சயனைடு கரைந்த முலாம் தொட்டியில் பொருள் எதிர்மின்வாயாக நிற்கிறது; எதிர் மின்னூட்டம் நெருங்கிய ஒழுங்கை நிலைநிறுத்தப் பார்க்கையில், வலுவாக ஒட்டும் சயனைடு அதைக் கலைக்கப் பார்க்கிறது. இரண்டில் எது வெல்கிறது என்பதை வெற்றிட அறையில் எடுத்த படம் ஒருநாளும் சொல்லாது. ஆதலால் இங்கே படிக்கப்படும் கட்டுரைகளில் கரைசலில் எடுத்த மேற்பரப்புப் படம் காட்டுவோர், அது எந்த மின்னழுத்தத்தில், எந்தக் குறிப்பு மின்வாயை ஒப்பிட்டு, எந்த எதிரயனி இருக்கையில் எடுக்கப்பட்டது என்பதை முதலில் கூறவேண்டும். அவ்விவரம் இல்லாத படத்தை இவ்விவாதத்தில் சான்றாக ஏற்க இயலாது.