நிலம் இருந்தால்தான் நீரா?



நீர் உரிமை என்றதும் நாம் மகாத்துக்குப் போய்விடுவோம். 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் நீர் அருந்தினார். தீண்டப்படாதோரைத் தடுக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்வதற்கு 1937 ஆகிவிட்டது. இதைப் பலமுறை பேசியிருக்கிறோம். அதே மகாராஷ்டிராவில் இன்று அணையின் மதகை யார் திறக்கிறார்கள் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே நீர்வள ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. யாருக்கு எவ்வளவு நீர், என்ன கட்டணம் என்று தீர்மானிப்பதே அதன் வேலை. பல்லில்லாத ஆணையம் என்று ஒதுக்கிவிட முடியாது. வறட்சிக் காலத்தில் ஒரே படுகையிலுள்ள அணைகள் பற்றாக்குறையைச் சமமாகப் பகிர வேண்டும் என்கிறது சட்டம். அதை வைத்துத்தான் நாசிக், அகமத்நகர் பகுதி அணைகளிலிருந்து ஜாயக்வாடிக்கு நீர் திறக்க 2014இல் ஆணையம் உத்தரவிட்டது. மேலே கரும்பும் சர்க்கரை ஆலைகளும் அரசியல் செல்வாக்கும். கீழே காய்ந்து கிடந்த மராத்வாடா. அந்த உத்தரவை நான் மதிக்கிறேன்.

ஆனால் ஜாயக்வாடிக்கு வந்த நீர் அங்கிருந்து யார் வயலுக்குப் போகிறது? அதே 12ஆம் பிரிவு பதில் சொல்கிறது: பாசனப் பரப்பில் நிலம் வைத்திருப்பவருக்கு, அவருடைய நில அளவைப் பொறுத்துப் பங்கு. பற்றாக்குறையின்போது ஒவ்வொருவருக்கும் இயன்றவரை ஓர் ஏக்கருக்காவது நீர் கொடுங்கள் என்கிறது. நல்லதுதான். அந்த ஓர் ஏக்கரும் இல்லாத தலித் கூலித் தொழிலாளி இந்தக் கணக்கிலேயே வரவில்லை. தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவர்களுக்கு, நிலமில்லை என்பதையே காரணமாக்கி நீரும் மறுக்கப்படுகிறது. இத்தனைக்கும் இரண்டு குழந்தைகளுக்கு மேல் பெற்றவரிடம் ஒன்றரை மடங்கு நீர்க்கட்டணம் வாங்கச் சொன்னதும் இதே சட்டம்தான். பிள்ளைகளை எண்ணத் தெரிந்திருக்கிறது!

நிலமில்லாதவருக்கு எப்படி நீர் கொடுப்பது என்று கேட்பார்கள். கொடுத்துக் காட்டியிருக்கிறார்கள். 1972 வறட்சிக்குப் பின் புரந்தர் வட்டத்தில் விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கிய பாணி பஞ்சாயத்து, நிலத்தை அளக்காமல் ஆட்களை எண்ணியது: தலைக்கு அரை ஏக்கருக்கான நீர், குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் வரை. நிலமற்றவருக்கும் பங்கு உண்டு. கரும்புக்கு இடமில்லை. சாங்லி மாவட்டத்தில் மக்களே கட்டிய பலிராஜா அணையிலும் நிலமற்றவருக்குப் பங்கு என்பதே கொள்கை.

ஆணையத்தின் கையில் எல்லாம் இல்லை என்பதும் உண்மை. பாசனம், குடிநீர், ஆலை ஆகியவற்றுக்கு நீரைப் பிரிக்கும் அதிகாரத்தை 2011 திருத்தம் அமைச்சரவைக்கு மாற்றிவிட்டது, அதுவும் முன்தேதியிட்டு. ஆகவே கோரிக்கையை இரண்டு இடத்திலும் வைக்க வேண்டும். பிரிக்கும் அதிகாரம் ஆணையத்துக்குத் திரும்ப வேண்டும். 12ஆம் பிரிவில் நிலமற்ற குடும்பத்தின் பெயரிலும் நீர்ப்பங்கு எழுதப்பட வேண்டும். அந்தப் பங்கை அவர்கள் குத்தகை நிலத்தில் பாய்ச்சட்டும், மாட்டுக்கு வைக்கட்டும், வேண்டுமானால் பக்கத்து வயல்காரருக்கு விற்கட்டும். வயல்காரர் அவர்கள் வாசலுக்கு வந்து விலை பேசட்டுமே.