சீனச் சிறுவர் கட்டுரையும் மதிப்பெண்ணும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் சங்கத்துச் சிறுவர் கட்டுரைப் போட்டிக்கு நடுவராய் அமர்ந்த இருவருள் யானும் ஒருவன். ஒரு கட்டுரைக்கு யான் இருபதுக்கு 17 இட்டேன். உடனிருந்த அன்பர் 11 இட்டார். குழந்தை ஒன்று, கட்டுரையும் ஒன்று. இடையிலுள்ள ஆறு மதிப்பெண் யாருடையது? இவ்வினாவுக்கு விடை தேடியபோது என் கருத்து சீன நாட்டின்மேல் சென்றது. தேர்வோடு நெடுங்காலம் வாழ்ந்த நாடன்றோ அது!

சோங் மன்னர் காலத்திலேயே (960–1279) அரசுத் தேர்வுத் தாளில் பெயரை மறைத்து ஒட்டினர். கையெழுத்தும் ஆளைக் காட்டிவிடும் என்றஞ்சி, எழுத்தரைக் கொண்டு படியெடுத்து, அப்படியையே திருத்துவோரிடம் அளித்தனர். அத்தேர்வு முறை 1905இல் ஒழிந்தது, அவ்வச்சம் ஒழியவில்லை. இன்றும் அந்நாட்டுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில், சீனமொழித் தாளின் 150 மதிப்பெண்ணில் 60 கட்டுரைக்கே உரியது. அதனை இருவர் தனித்தனியே மதிப்பிடுவர். வேற்றுமை வரம்பு கடந்தால் மூன்றாமவர் பார்ப்பர்.

தொடக்கப் பள்ளி வகுப்பறையில் இத்தகைய காவல் ஏது? அங்கே திருத்துபவர் பெரும்பாலும் வகுப்பாசிரியர் ஒருவரே. கையெழுத்தும் தெரியும், எழுதிய முகமும் தெரியும். சீனாவின் 2001ஆம் ஆண்டுப் பாடத்திட்டம், 5, 6ஆம் வகுப்பு மாணவர் 40 நிமிடத்தில் 400 எழுத்துக்குக் குறையாமல் எழுத வேண்டும் என்றது. கட்டமிட்ட தாளில், கட்டத்திற்கு ஓர் எழுத்தாகக் குழந்தை எழுதுகிறது. 'ட்சாய்' என்னும் ஒரே ஒலிக்கு 'இருத்தல்' என்ற பொருளில் ஓர் எழுத்து. 'மீண்டும்' என்ற பொருளில் வேறோர் எழுத்து. குழந்தை ஒன்றுக்கு மற்றொன்றை எழுதிவிட்டால், பிழையை எண்ணும் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைப்பார். கருத்தில் தோய்ந்த ஆசிரியர் அதனைக் கடந்து செல்வார். இருவரும் நேர்மையாளரே!

இது சீனருக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவில் 1912இல் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர், ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவரின் ஆங்கில விடைத்தாளைப் பல பள்ளி ஆசிரியர்க்கு அனுப்பினர். நூற்றுக்கு 64 முதல் 98 வரை மதிப்பெண் வந்தது.

மருந்து யாது? கருத்து, அமைப்பு, சொல்லாட்சி, எழுத்துப்பிழை என அளவுகோலை முன்னரே வகுத்தல் ஒன்று. இருவர் தனித்தனியே படித்தல் மற்றொன்று. இவையும் போதா. பாட்டி வீட்டைப் பற்றி உருக்கமாக எழுதும் சிறுவன், 'என் இலட்சியம்' என்ற தலைப்பில் தடுமாறலாம். ஆகவே தலைப்புகளும் பலவாதல் வேண்டும். மேலும், பிழையை மட்டும் எண்ணினால் நடுவர் இருவரும் எளிதில் ஒத்துப்போவர். ஆனால் கட்டுரையின் உயிர் அவ்வெண்ணிக்கையில் அகப்படாது. நடுவர் ஒற்றுமை வேறு. மதிப்பீட்டின் உண்மை வேறு.

சீனப் பள்ளிகளில் முதலிரு வகுப்பு எழுத்துப் பணிக்குப் 'பேச்சை எழுதுதல்' என்று பெயர். 3 முதல் 6 வரையுள்ள வகுப்புகளில் அது 'ஷீட்சுவோ'. பயிற்சிக் கட்டுரை என்பது பொருள். பயிற்சிக்கு வாய்த்த ஓர் எண்ணைக் குழந்தையின் தலையெழுத்தாகக் கொள்ளுதல் தகுமோ?

அன்புடையீர்! வரும் ஆண்டு நம் போட்டியில் பெயரை மறைப்போம். இரு தலைப்புத் தருவோம். நடுவர் தனித்தனியே மதிப்பிடட்டும். இன்று பரிசு பெறாத குழந்தைகளே, அந்த ஆறு மதிப்பெண்ணில் எங்கள் பங்கும் உண்டு. எழுதுகோலைக் கீழே வைத்துவிடாதீர்கள்!